வேலையிழந்தோர் உதவியும் உறுப்பினர் வாக்கும்



சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்னும் நிலையங்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடையலாம். அதற்கப்பால் சிறிது தொலைவில் ஆந்திர எல்லை வந்துவிடும். ஏரிகளையும் நெல் வயல்களையும் நம்பி வாழ்ந்த பகுதி அது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும், வேறு பல பட்டறைகளும் அங்கே எழுந்தன. விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குச் செல்வோர் கூட்டமும், இரவு வேலை முடித்துச் சிவந்த கண்களோடு திரும்புவோர் கூட்டமும் அந்நிலையத்து நடைமேடையில் எதிரெதிரே சந்திப்பதைக் காணலாம்.

2022-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, அவ்வட்டாரத்துப் பாலிடெக்னிக் மாணவர்களிடையே நம் அரசியலமைப்பைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பும் ரயிலுக்காக அந்நடைமேடையில் காத்திருந்தேன். கூட்டத்தில் இருந்த மாணவன் ஒருவன் பின்தொடர்ந்து வந்து என் அருகில் நின்றான். அவனுடைய அண்ணன் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஆறாண்டுகள் வேலை பார்த்தவன். ஆலையில் உலை ஒன்றை அணைத்துவிட்டார்கள். அதனோடு அண்ணனுடைய வேலையும் அணைந்தது. அக்காள் பட்டம் பெற்றவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்து, அரசு வழங்கும் வேலையற்றோர் உதவித்தொகை பெறுகிறவள். ஒருவருக்கு இருந்த வேலை போயிற்று. மற்றவருக்கு வேலையே வரவில்லை. இவ்விரண்டு துன்பங்களும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. தன் படிப்பை நிறுத்திவிடலாமா என்று அவன் எண்ணிக்கொண்டிருந்ததைப் பேச்சின் நடுவே அறிந்துகொண்டேன்.

அவன் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, இந்த உதவிப் பணத்தை உயர்த்துவதற்கு எங்கள் தொகுதி உறுப்பினர் எத்தனை தடவை ஆதரித்து ஓட்டுப் போட்டார், எத்தனை தடவை எதிர்த்து ஓட்டுப் போட்டார்? இதை எங்கே பார்ப்பது? இங்கிலாந்தில் இதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறதாமே!"

நேர்மையான கேள்வி. அரைமணி நேரம் அரசியலமைப்பைப் பற்றி முழங்கிவிட்டு வந்த எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "தம்பி, விசாரித்து எழுதுகிறேன்" என்று சொல்லி அவன் முகவரியை வாங்கிக்கொண்டேன். பின்னர் நான் தேடியறிந்தவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

இங்கிலாந்தைப் பற்றி அவன் கேள்வியுற்றது மெய்தான். அந்நாட்டுக் காமன்ஸ் சபையில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்னும் பெயர்ப் பட்டியலை 1836 முதல் அதிகாரபூர்வமாக அச்சிட்டு வருகிறார்கள். வேலையில்லாக் காலத்துக்கான காப்புறுதியும் அங்கே தொன்மையானது. லாயிட் ஜார்ஜ் நிதி மந்திரியாக இருந்தபோது, 1911-இல், தேசியக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. கப்பல் கட்டுதல், கட்டட வேலை, இயந்திர வேலை முதலிய சில தொழில்களில் ஈடுபட்டோர் வேலையிழந்தால் வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டில் 15 வாரங்கள் வரை, அதனால் உதவி பெற்றனர்.

இருபது ஆண்டுகள் கழித்து அந்த உதவித் தொகையே ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தது. 1931-இல் உலகெங்கும் பொருளாதார மந்தம். இங்கிலாந்தில் வேலையற்றோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கஜானாவோ வறண்டு கிடந்தது. ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி மந்திரிசபை, வேலையற்றோர் உதவியில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதா வேண்டாவா என்று விவாதித்தது. குறைக்கலாம் என்றோர் பதினொருவர். கூடாது என்றோர் ஒன்பதின்மர். பிளவுபட்ட அம் மந்திரிசபை ஆகஸ்ட் 24-ஆம் நாள் மறைந்தது. மக்டொனால்டு வேறு கட்சியினரைச் சேர்த்துக்கொண்டு தேசிய அரசாங்கம் அமைத்தார். செப்டம்பர் 8-ஆம் நாள் காமன்ஸ் சபை வாக்கெடுப்பில் அவருக்கு 309 வாக்குகளும், எதிர்ப்புறம் 249 வாக்குகளும் கிடைத்தன. வயது வந்த ஆடவர்க்கு வாரம் 17 ஷில்லிங்காக இருந்த உதவி 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆயிற்று. குறைத்த பங்கு 1934-இல்தான் திரும்பக் கிடைத்தது.

இவ்வரலாற்றில் மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மந்திரிசபைக்குள் குறைப்புக்கு இசைந்த பதினொருவரிற் பலர், மக்டொனால்டோடு போகாமல் எதிர்க்கட்சி வரிசைக்கே சென்று அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, பிரிட்டிஷ் மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி, தொழிலாளர் மந்திரி. ஆகவே, சபையின் பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இன்னார் குறைப்பை விரும்பினார், இன்னார் விரும்பவில்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டியல் இருந்த நாட்டிலேயே இந்நிலை. பட்டியல் அருகியே உள்ள நம் நாட்டுக்கு இனி வருவோம்.

நம் பாராளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் பெரும்பாலான விஷயங்கள் குரல் வாக்கெடுப்பினாலேயே முடிவாகின்றன. அவைத் தலைவர் தீர்மானத்தைச் சபைமுன் வைக்கிறார். "ஆம்" என்போர் ஒரு குரலாகவும், "இல்லை" என்போர் மற்றொரு குரலாகவும் ஒலிக்கின்றனர். எந்த ஒலி மிகுந்தது என்று தம் காதால் அளந்து, "ஆம் என்போரே வென்றனர்" என்று தலைவர் அறிவிக்கிறார். மேசைகள் தட்டப்படுகின்றன. அடுத்த விஷயம் தொடங்கிவிடுகிறது. அந்த ஒலியில் கும்மிடிப்பூண்டியின் குரல் எது, திருவள்ளூரின் குரல் எது, ஆவடியின் குரல் எது என்று பிரித்தறிய எந்தக் கருவியும் இல்லை. அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'தீர்மானம் நிறைவேறியது' என்னும் இரண்டே சொற்கள் இருக்கும்.

தலைவருடைய முடிவை ஓர் உறுப்பினர் மறுத்துரைத்து, டிவிஷன் வேண்டும் என்று கேட்கலாம். டிவிஷன் என்பது பெயர்களைப் பிரித்துப் பதியும் வாக்கெடுப்பு. மக்களவை விதிகளில் 367-ஆவது விதி இதற்கு வழி செய்கிறது. ஆனால் அதே விதியில் ஒரு சிறிய வாசகம் உண்டு: டிவிஷன் அநாவசியமாகக் கேட்கப்படுகிறது என்று தலைவர் கருதினால், இரு தரப்பாரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடிவு கூறிவிடலாம்; அவ்வாறு எண்ணும்போது பெயர்களைப் பதிவு செய்வதில்லை. விதியை எழுதியவர்கள் நேரத்தைச் சிக்கனம் செய்ய நினைத்தார்கள். நேரம் மிச்சமாயிற்று, பெயர்கள் போயின.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 20-ஆம் நாள் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது, எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டனர். கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்னும் காரணம் கூறிக் குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறின. பெரும் அமளி எழுந்தது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. செப்டம்பர் 23-ஆம் நாள், அவர்கள் இல்லாத அவையில், தொழிலாளர்க்கு முக்கியமான மூன்று சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. ஆட்குறைப்பு, ஆலை மூடல், சமூகப் பாதுகாப்பு ஆகியவை எல்லாம் அவற்றில் அடங்கும். 2025 நவம்பர் 21-ஆம் நாள் அவை நடைமுறைக்கு வந்தன. அவையில் இருந்தவர் குரலாக ஒலித்தனர். இல்லாதவர் வெளியே இருந்தனர். யார் செய்தது சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. ஆனால் ஆலைத் தொழிலாளி ஒருவன் அந்நாளின் குறிப்பைப் புரட்டி, என் உறுப்பினர் யாது செய்தார் என்று தேடினால், அவனுக்குக் கிடைக்கும் பெயர் ஒன்றுமில்லை.

இனி, பணத்தைப் பற்றிய விஷயத்தில் இன்னும் விசித்திரமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

அம்மாணவனின் அக்காள் பெற்ற உதவித்தொகை மாநில அரசு அரசாணையால் வகுத்தது. அவ்வாண்டு இருந்த விகிதம் இது: பத்தாம் வகுப்பில் தேறாதவர்க்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்க்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்க்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. மூன்றாண்டுகள் மட்டுமே கிடைக்கும். பட்டதாரியின் 600 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய். பத்தாம் வகுப்பு தேறியவர்க்கு நாளொன்றுக்கு 10 ரூபாய். ரயில் நிலையத்து வாசலில் ஒரு தேநீர் குடித்தால் அன்றைய உதவி தீர்ந்தது. மூன்றாண்டுகளில் ஒரு பட்டதாரி பெறும் மொத்தத் தொகை 21,600 ரூபாய்.

இத்தொகை போதாது, இரட்டிப்பாக்க வேண்டும் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் மனமார விரும்புவதாகக் கொள்வோம். வரவு செலவுத் திட்டத்தில் தொழிலாளர் நலத்துறைக்கான மானியக் கோரிக்கை பேரவைக்கு வருகிறது. அவர் எழுந்து, "இக்கோரிக்கையில் இவ்வளவு கோடியைக் கூட்டுக" என்று திருத்தம் கொடுக்க இயலுமா? இயலாது. அரசியலமைப்பின் 203-ஆவது பிரிவின்படி, ஆளுநரின் பரிந்துரையின்றி மானியக் கோரிக்கை எதுவும் எழாது. வந்த கோரிக்கையை அவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டுவதற்கு அதிகாரம் இல்லை. பாராளுமன்றத்துக்கும் 113-ஆவது பிரிவு இதே வரம்பை இடுகிறது. செலவு செய்யும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி செலவைக் கூட்டினால் கஜானா என்னாகும் என்பது இதன் கருத்து. கருத்து தவறன்று. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்.

உதவியை உயர்த்த விரும்பும் அவ்வுறுப்பினர் தம் குறையைச் சபையில் பதிவு செய்ய விரும்பினால், வெட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும். மக்களவை வழக்கில் அது மூவகைப்படும். கொள்கையையே ஏற்கவில்லை என்றால், கோரிக்கைத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கவேண்டும் என்று சொல்வார். சிக்கனம் வேண்டினால் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வார். ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துரைக்க விரும்பினால் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வார். வேலையற்றோர் உதவி போதவில்லை என்று முறையிட எண்ணும் உறுப்பினர், அத்துறைக்கு 100 ரூபாய் குறைக்குமாறு கேட்டால்தான் அவருக்குப் பேசும் பிடி கிடைக்கிறது. கூட்டச் சொல்வதற்காகக் குறைக்கச் சொல்கிறார்! இந்நடைமுறை தெரியாத ஒருவர் நாளைக்குக் குறிப்பைப் படித்துவிட்டு, "இதோ பாருங்கள், ஏழைகளின் பணத்தைக் குறைக்கத் தீர்மானம் கொடுத்தவர் இவர்" என்று துண்டுப் பிரசுரம் அடித்தால் அதில் ஓரெழுத்தும் பொய்யன்று. ஆனால் முழுவதும் பொய்.

இதன் மறுபுறமும் உண்டு. மானியக் கோரிக்கையை ஆதரித்து "ஆம்" என்றவர் உதவித் தொகையை உயர்த்தியவர் ஆகமாட்டார். இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்குத்தான் அவர் "ஆம்" சொன்னார். பாராளுமன்றத்தில் இன்னொன்றும் நடக்கிறது. விவாதத்துக்கென்று ஒதுக்கிய நாட்கள் முடிந்ததும், மீதமுள்ள கோரிக்கைகள் அனைத்தையும் விவாதமின்றி ஒரே மூச்சில் வாக்குக்கு விட்டுவிடுவார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் தலை கொய்த கருவியின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள்: கில்லட்டின். அன்று ஒரு துறையின் செலவு முழுவதும் சில விநாடிகளில் நிறைவேறும்.

கொறடா என்று ஒருவர் ஒவ்வொரு கட்சியிலும் இருக்கிறார். இன்ன நாளில் இன்னவாறு வாக்களிக்கவேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்குக் கட்டளை அனுப்புவது அவர் பணி. 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுப்பதற்காக வந்தது. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று உறுப்பினர் விலைபோன காலத்தை முடிவுக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஆனால் கட்சிக் கட்டளைக்கு மாறாக வாக்களித்தவரும், வாக்களியாமல் விலகி நின்றவரும்கூடப் பதவியிழக்க நேரலாம். பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்தால் தப்பலாம். 1992-இல் உச்ச நீதிமன்றம் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் இச்சட்டம் செல்லும் என்றது. அதோடு, அரசாங்கத்தின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், கட்சி மக்களிடம் வாக்களித்த முக்கியக் கொள்கைக்கும் மட்டுமே இக்கடுமை பொருந்துமாறு கொள்வது நலம் என்றும் சுட்டியது. ஆகவே பெயர்கள் பதிவான அரிய நாட்களிலும், அப்பெயருக்கு நேரே இருப்பது பெரும்பாலும் கட்சியின் வாக்கே. உறுப்பினரின் சொந்த உள்ளம் அதில் தெரியாது.

வாக்கைப் பாராமலே ஒருவருடைய உள்ளத்தை நாடு அறிந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

ரயில்வேத் தொழிற்சங்கத்தில் உழைத்து வளர்ந்தவர் வி. வி. கிரி. 1937-இல் இராஜாஜி சென்னை மாகாணத்தில் மந்திரிசபை அமைத்தபோது தொழிலாளர் துறையை ஏற்றவர் அவரே. சுதந்திரத்துக்குப்பின், 1952-இல், மத்திய அரசின் தொழிலாளர் மந்திரியானார். 1953-இல் நெசவாலைகளில் சரக்கு விற்காமல் தேங்கியது. ஆட்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் அபாயம் வந்தது. முதலில் அவசரச் சட்டமும், பிறகு தொழில் தகராறுகள் திருத்தச் சட்டமும் பிறந்தன. 1953 அக்டோபர் 24 முதல் அது செல்லுபடியாயிற்று. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளியை, வேலையில்லை என்று சொல்லி நிறுத்தி வைத்தால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை அவனுக்குக் கொடுக்கவேண்டும். ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளமும் கொடுக்கவேண்டும். நம் நாட்டில் வேலையிழந்தவனுக்குச் சட்டப்படி உரிமையாகக் கிடைத்த முதற் பெரும் ஈட்டுத்தொகை இது என்று சொல்லலாம். நிறுத்தி வைக்கும் ஆளுக்குப் பாதிச் சம்பளம், நீக்கும் ஆளுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்னும் அந்த அளவுகள் பின்வந்த சட்டத் தொகுப்பிலும் நிலைத்துவிட்டன. ஆலையை ஒரேயடியாக மூடிவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மறு ஆண்டே பாராளுமன்றம் மூடலுக்கும் ஈட்டுத்தொகை உண்டு என்று சட்டத்தைத் திருத்திற்று.

கிரி அந்த மந்திரி பதவியில் நெடுநாள் இருக்கவில்லை. வங்கி ஊழியர்க்குத் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பை அரசாங்கம் 1954-இல் மாற்றியது. தொழிலாளர் மந்திரியாக இருந்துகொண்டு அதற்கு உடன்பட அவர் மனம் ஒப்பவில்லை. பதவியை விட்டு விலகினார். மந்திரியாக இருப்பவர் தம் அரசாங்கத்தை எதிர்த்து வாக்களிப்பது முறையன்று. ஆகவே அவர் எதிர்வாக்கு எந்தப் பட்டியலிலும் இராது. ஆயினும் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் ஐயம் ஒருவருக்கும் இல்லை. 1969-இல் அவரே குடியரசுத் தலைவரானார் என்பது நீங்கள் அறிந்ததே.

நிற்க. மாணவனின் அண்ணனை நான் மறக்கவில்லை. அவனுக்கு உரியதாக வேறோர் உதவி இருந்தது. அதை யார் உயர்த்தினார் என்று தேடியபோது எனக்கே வியப்பாயிற்று.

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தை மக்கள் ஈ.எஸ்.ஐ. என்று அறிவர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தாவால் நடப்பது. மருத்துவம் பார்ப்பதோடு அதன் வேலை முடிந்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள். 2005 ஏப்ரல் முதல், ஆலை மூடலாலும் ஆட்குறைப்பாலும் வேலையிழந்த காப்பீட்டாளர்க்கு அது ஓர் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் மற்றொரு திட்டம் வந்தது. வேலையிழந்தவருக்குச் சராசரி ஊதியத்தில் நூற்றுக்கு 25 பங்கு, தொண்ணூறு நாட்கள் வரை. கொரோனா நோய்க் காலத்தில் ஆலைகள் மூடிக் கிடந்தபோது, 2020 ஆகஸ்டில், அந்த 25 பங்கை 50 பங்காக உயர்த்தி, விதிகளையும் தளர்த்தினார்கள்.

மாதம் 14,000 ரூபாய் ஊதியம் பெற்றவனுக்கு முன்னைய விகிதத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்ந்து 10,500 ரூபாய் கிடைக்கும். உயர்த்திய விகிதத்தில் 21,000 ரூபாய். ஒரு தம்பியின் படிப்பு நிற்பதற்கும் தொடர்வதற்கும் உள்ள வேறுபாடு அந்த 10,500 ரூபாய்க்குள் அடங்கிவிடக் கூடும்.

இந்த உயர்வுக்குப் பாராளுமன்றத்தில் ஆதரித்து வாக்களித்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. எதிர்த்தவர்? அவரும் இல்லை. ஏனெனில் அது பாராளுமன்றத்துக்கு வரவேயில்லை. கழகத்தின் கூட்டத்தில் முடிவாயிற்று. அக்கழகத்தில் மத்திய தொழிலாளர் மந்திரி தலைவர். முதலாளிகள் சார்பில் பதின்மர், தொழிலாளர் சார்பில் பதின்மர், மாநிலப் பிரதிநிதிகள், மருத்துவர்கள் ஆகியோர் உள்ளனர். பாராளுமன்ற உறுப்பினர்க்கு அதில் மூன்று இடங்கள்: மக்களவையிலிருந்து இருவர், மாநிலங்களவையிலிருந்து ஒருவர். எஞ்சிய எழுநூற்றுச் சொச்சம் உறுப்பினரை நோக்கி, "நீர் எப்படி வாக்களித்தீர்?" என்று கேட்டால், அவர்கள் விழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு வேலையில்லாக் காலத்தில் பொது உதவி பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அதை நிறைவேற்றுமாறு எந்த நீதிமன்றமும் ஆணையிட இயலாது என்று 37-ஆவது பிரிவு உடனே கட்டுப்பாடும் விதிக்கிறது. ஆகவே உதவித்தொகை அரசாணையிலும், கழகத் தீர்மானத்திலும், மானியக் கோரிக்கையின் ஒரு வரியிலும் சிதறிக் கிடக்கிறது. வாக்கெடுப்பு நடந்த இடத்தில் தொகை முடிவாகவில்லை. தொகை முடிவான இடத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் கும்மிடிப்பூண்டியில் நின்றே பார்க்கவேண்டும். அங்குள்ள ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்போர் பலர். அவர்களுள் மிகுதியானவர்க்கு வாக்குச்சீட்டு சொந்தக் கிராமத்தில் இருக்கிறது. வேலை போனது இங்கே. கேள்வி கேட்பதற்குரிய உறுப்பினர் ஆயிரம் மைலுக்கு அப்பால். அவ்வூரிலேயே இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் ஒன்றும் உண்டு. அங்கே பிறந்து, அங்கேயே பள்ளியில் படித்து வளர்ந்தும் குடியுரிமை பெறாதவர்க்கு வாக்கே கிடையாது. ஓர் உறுப்பினர் தம் தொகுதியில் வேலையற்றோரை எண்ணும்போது இவர்களை எண்ணுவாரா? எண்ணவேண்டும் என்று நான் கருதுகிறேன். எண்ணவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அப்படியானால் உறுப்பினரை அளந்தறிய வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாணவனுக்கு எழுதிய கடிதத்தில் நான் சொன்னது இது. ஓட்டுக் கணக்கைத் தேடுவதை விட்டு, தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கை வந்த நாட்களை முதலில் தெரிந்துகொள். அந்நாட்களின் பேரவைக் குறிப்பில் உன் தொகுதி உறுப்பினர் பேசினாரா என்று பார். பேசியிருந்தால், 600 ரூபாய் என்னும் எண் அவர் வாயிலிருந்து வந்ததா, இல்லை, தொகுதிக்கு ஒரு பாலமும் தம் தலைவருக்கு ஒரு புகழ்மாலையும் மட்டும் வந்தனவா என்று கவனி. வெட்டுத் தீர்மானம் கொடுத்திருந்தால், தொகையைப் பாராதே. அதன் கீழே எழுதியிருக்கும் காரணத்தைப் படி. கேள்வி நேரத்தில் இது குறித்து வினா எழுப்பினாரா என்று பார். மக்களவை விவாதங்களும் வினா விடைகளும் இணையத்தில் உறுப்பினர் பெயர்வாரியாகவே கிடைக்கின்றன. உங்கள் பகுதி அடங்கிய திருவள்ளூர் தொகுதியின் உறுப்பினர் யார் யார் என்று 2009 முதல் எடுத்துக்கொள். கட்சி ஆட்சியில் இருந்தபோது பேசியதையும், எதிர்க்கட்சியாக இருந்தபோது பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த மனிதரை நீ அறிந்துகொண்டாய்.

பணம் சம்பந்தமான சில தீர்மானங்களுக்கேனும், அதிலும் வேலையிழந்தோர்க்கு உரிய பணத்துக்கேனும், ஒருவரும் கேட்காமலே பெயர்களைப் பதிவு செய்யும் வழக்கம் நம் அவைகளில் வரவேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. பொத்தானை அழுத்தினால் பெயர் பதியும் கருவி மக்களவையில் இருக்கத்தான் இருக்கிறது.

கடிதத்தின் பின்குறிப்பாக, அண்ணனை உடனே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்புமாறு எழுதியிருந்தேன். இரண்டு மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அண்ணன் தன் சந்தா விவரத்தோடு விண்ணப்பம் கொடுத்துவிட்டான் என்றும், அப்படி ஓர் உதவி இருப்பதே ஆலையில் அவனோடு நின்றுபோன பதினாறு பேரில் ஒருவருக்கும் தெரியாது என்றும், அவர்களையும் தானே அழைத்துச் சென்றதாகவும் அம்மாணவன் எழுதியிருந்தான். தான் மறு பருவத்துக்குக் கட்டணம் செலுத்திவிட்டதையும் ஓரத்தில் குறித்திருந்தான். கடைசியில் ஒரு கேள்வி: "ஐயா, மானியக் கோரிக்கை நாளன்று ஓர் உறுப்பினர் அவைக்கே வரவில்லை என்றால், அது எந்தக் குறிப்பில் இருக்கும்?"

வருகைப் பதிவேட்டைப் பற்றி அவனுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.